மூலைப் புல்

அன்னைக்குத் தோட்டத்தில் நின்றது நாலு பேர். நான். என்னோடு வேலை பார்க்கிற மதனி. ஹோட்டல் மேனேஜர். வீட்டுக்கு உடையவுக, ஆச்சி.

கோட்டையூர்ப் பக்கம் பழைய வீடு. இப்ப ஹோட்டலா ஓடுது. பின்னால் புல்தரை. தண்ணி விடுறது, வெட்டுறது, களை எடுக்கிறது நானும் மதனியும்.

போன வருசம் ஐப்பசி மழையில் ஒன்பது நாள் தண்ணி நின்றது. புல் அழுகிப்போச்சு. இந்த வருசமும் அழுகினால் சிமெண்டுக் கல் பதிச்சிருவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கல்லுக்குத் தண்ணி விட ஆள் வேண்டாம். அதை அவர் சொல்லவில்லை. எங்களுக்கே தெரிந்தது.

புரட்டாசியிலேயே தொடங்கினோம். மழைக்கு முந்தின கடைசி வெட்டு. ஒட்ட வெட்டவில்லை, மூணு விரல் உயரம் விட்டோம். பாதாம் மரத்துச் சருகை அன்னன்னைக்குக் கூட்டினோம். கிடந்தால் அடியில் புல் வெளுத்துப்போகும். மார்கழிப் பனியில் புதுசா வளராது. பிறகு சாணுக்கு ஒரு குத்து, கடப்பாரையால். குழியில் மணல். தண்ணி இறங்கணுமே.

வடகிழக்கு மூலையில் குத்தினேன். டங்குன்னது. தள்ளிக் குத்தினேன். அங்கேயும் கல்.

சத்தம் கேட்டு ஆச்சி வந்தாக.

"அது மடைக் கல்லுல்ல? வீட்டுத் தண்ணி பூராவும் அங்குட்டுத்தான் ஊரணிக்குப் போகும். அது மேலயா மண்ணைக் கொட்டுனீக?"

கொட்டச் சொன்னது மேனேஜர். மண் கூடிப்போய் மேடாகி, போன வருசம் அழுகாமல் தப்பின இடமும் அதுதான்.

"பச்சையா இருக்கிறதே அந்த மூலைதான் ஆச்சி. வர்றவங்க அங்க நின்னுதான் போட்டோ எடுக்கிறாங்க" என்றார் மேனேஜர்.

"வாசலை அடைச்சுப்புட்டு, விருந்தாளி போக மாட்டேங்கிறான்னு சொன்னா எப்படித் தம்பி?"

மதனி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "வெட்டுங்க. ஆனா அந்தப் புல்லு திரும்ப உசிரோட இருக்கணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் கல்லுதான்."

"எண்ணி வச்சுக்கங்க சார்" என்றேன்.

சாண் சதுரமாக, வேர் மண்ணோடு அறுத்தோம். நிழலில் ஈரச்சாக்கு விரித்து அடுக்கினோம். மேனேஜர் நின்று எண்ணினார். அறுபத்தி நாலு.

கல்லைப் புரட்டினோம். மடை நிறைய ஓட்டுச் சில்லு, சுண்ணாம்புக் கட்டி. ஹோட்டலாக மாற்றினப்ப தள்ளிவிட்டது. மதனி குப்புறப் படுத்துக் கையை விட்டு அள்ளினாள்.

"பாம்பு கெடந்தா என்ன செய்வீக மதனி?"

"மேனேஜருகிட்டச் சொல்லி ரூம் போட்டுக் குடுப்பேன்."

மடை வாயில் இரும்புச் சல்லடை வைத்தோம். மேட்டைச் சரித்து, சுற்றிலும் புல்லைப் பதித்தோம்.

ஐப்பசியில் ரெண்டு நாள் விடாத மழை. மூணாம் நாள் காலையில் போனேன். சல்லடையில் தண்ணி சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் குடையோடு நின்றார். மத்தியானம் தரை தெரிந்தது.

கார்த்திகை பிறந்து வெயில் வந்ததும் எண்ண வந்தார். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வேர் பிடித்திருந்தால் வராது. ஓரத்தில் ஒன்று கையோடு வந்துவிட்டது. நான் பார்த்தேன். மதனியும் பார்த்தாள். அவர் அதைத் திரும்ப வைத்து, செருப்புக்காலால் மிதித்து அமுக்கினார். மற்றதையும் பார்த்து முடித்து, எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

அறுபத்தி நாலு.