பேனர் கட்டிய கூடைப்பந்துக் கம்பங்கள்

நாமக்கல் பக்கம் நான் படித்த விடுதிப் பள்ளியில் கூடைப்பந்து மைதானம் உண்டு, பந்துதான் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே, முதல் மதிப்பெண் எடுத்தவர்கள் சிரிக்கும் பேனரைக் கட்டியிருப்பார்கள்.

பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன், தேறமாட்டான் என்று என் அறைத்தோழனின் அப்பாவை வரவழைத்து டிசியை நீட்டினார்கள். அந்தப் பேனருக்கு அடியில் நின்று, "ஒரு சான்ஸ் குடுங்க சாமி" என்று அவர் வார்டனைக் கும்பிட்டார். "ஒருத்தன் பெயிலானாலும் நூறு பர்சன்ட் போயிருமுங்க" என்றார் வார்டன். மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

இப்போது, பள்ளிப் பையன்கள் கூடைப்பந்து ஆடும் ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்றை விடாமல் பார்க்கிறேன். அந்த அணியிலும் ஒன்றுக்கும் ஆகாத ஒருவன் ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தோற்றால் எல்லோரோடும் சேர்ந்து அழுகிறான். அவன் அப்பாவை யாரும் வரச்சொல்வதில்லை.