வைத்தியர் சாடியில் காட்டிய மூலம்

ஐயா, உங்கள் பத்திரிகையில் தலைவலியையும் சளியையும் பற்றி எழுத ஆள் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே வரும் வியாதியை எழுதத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்கும் நான் எழுதுகிறேன்.

முக்கினால் எனக்கு ஆசனவாய் வழியே குடல் வெளியே தள்ளும். கையால் உள்ளே தள்ளி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்கு வருவேன். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்தாலும் அந்தச் சுத்தம் முறிந்துவிடும் என்று பள்ளிவாசலுக்குப் போவதை விட்டேன். "காசு சேர்ந்ததும் தொழுகை மறந்துட்டாரு" என்று அங்கே பெரியவர்கள் பேசினார்கள். உண்மையைச் சொல்வதைவிட அந்தக் கெட்ட பெயரே எனக்குக் கௌரவமாகப் பட்டது.

கடைசியில், இது மூலம்தான் என்று நினைத்து, ஒரு மூல வைத்தியரிடம் போனேன். அவர் ஒரு கண்ணாடிச் சாடியைக் காட்டி, "இதெல்லாம் நான் அறுத்தெடுத்த மூலம். உங்களுக்கும் நூல் கட்டி அறுத்துடலாம், பாய்" என்றார். சாடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கோழிக்குடல். அதையும் ஒழுங்காகக் கழுவவில்லை.

"குடல் அறுக்கிறவன்கிட்டயே குடலைக் காட்டுறீங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, அது மூலமே இல்லை, குடலேதான் இறங்கி வருகிறது, அறுத்திருந்தால் செத்திருப்பேன் என்றார். ஆபரேஷன் செய்து சரியாக்கினார்.

இப்போது முன்வரிசையில் நின்று தொழுகிறேன். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் உள்ளதை உரக்கச் சொல்கிறேன். பெரியவர்கள் முகம் சுளித்து நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு அவர்களிலேயே ஒருவர், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்து, கறி கேட்காமல், எந்த டாக்டர் என்று கேட்கிறார்.