வேப்பிலையும் வியன்னா டாக்டரும்

வேப்பிலையை அரைத்துத் தடவினால் என் மகளின் ஆளுமையே பாழாகிவிடும் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். அப்போது என் வாயில் ஒரு நீலப் பேனா மூடி இருந்தது. அதை ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். மனிதனின் குணம் ஐந்தாறு வயதுக்குள் வார்க்கப்பட்டுவிடுகிறதாம். அதில் முதல் கட்டம் வாய். கைக்குழந்தைக்கு இன்பம், ஆறுதல் எல்லாம் வாய்வழியாகத்தான். அதைச் சட்டென்று பறித்தால் மனத்தின் ஒரு பகுதி அங்கேயே தேங்கிவிடும். வளர்ந்த பிறகு கண்டதையும் கடிப்பான், ஓயாமல் பேசுவான், எல்லோரையும் நக்கலடிப்பான். எனக்கு வியர்த்துவிட்டது. இந்தக் கட்டங்களையெல்லாம் வகுத்த ஒரு டாக்டர், எங்கோ வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்காமலேயே என் ஜாதகத்தை எழுதியிருந்தார்.

என் மனைவி ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை தையல் மெஷினில் போய் உட்காராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். பத்து மாதக் குழந்தையோ தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் தொடாது. கசந்தால் குழந்தை பாலை மறந்துவிடும் என்று, சனிக்கிழமை மாலை அவள் மார்பில் தடவிக்கொள்ள வேப்பிலை அரைக்க உட்கார்ந்தாள். நான் போய் அம்மியை மறித்துக்கொண்டு நின்றேன்.

“இப்படி வெடுக்குன்னு நிறுத்தினா குழந்தை மனசு வாய்க் கட்டத்துலயே நின்னுடும். டாக்டரே சொல்லியிருக்கார்.”

“அந்த டாக்டர் திங்கக்கிழமை வந்து மெஷின்ல உட்காருவாராங்க?”

“நான் சீரியஸா பேசறேன். என்னைப் பாரு. எனக்குச் சின்ன வயசுல சீக்கிரம் நிறுத்தியிருக்காங்க. அதான் இப்படி ஆயிட்டேன்.”

சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “யார்டா சொன்னது? மூணு வயசு வரைக்கும் குடிச்சே. தெருவுல விளையாடிட்டு வந்து, உக்காரும்மான்னு அதட்டிட்டுக் குடிப்பே!”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதறிப்போய்ப் பாடத்தைப் புரட்டினேன். அடுத்த பத்தியிலேயே இருந்தது: அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் மனம் அதே இடத்தில் தேங்குமாம். வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.

“கொடுத்தாலும் தப்பு, நிறுத்தினாலும் தப்பா?” என்றாள் அவள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “அப்ப நான் வேலைக்குப் போறேன். இந்த வேலை போச்சுன்னா, இவ வளர்ந்து நிக்கும்போது என் கையில என்னங்க இருக்கும்? தள்ளுங்க.”

தள்ளினேன். அன்று அந்த முகத்தில் இருந்த உறுதிக்கு எந்தக் கட்டம் காரணம் என்று பாடத்தில் இல்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு, நடக்கப்போகும் உளவியல் விபத்துக்காகக் காத்திருந்தேன். இன்று என் மகள் ஒரு அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறாள், நகம்கூடக் கடிப்பதில்லை. எனக்கு இப்போதும் கையில் பேனா கிடைத்தால் மூடி வாய்க்குப் போய்விடுகிறது.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது இவ்வளவுதான். என் மனைவி ரயில் பிடித்து வேலைக்குப் போனாள். குழந்தை அரை மணி நேரம் அழுதது. பிறகு என் அம்மா ஊட்டிய கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. நீல மூடியை நான் இரண்டாகக் கடித்திருந்தேன்.