கஞ்சி போட்ட வெங்காய வளையம்

எங்கள் வீட்டு ஓவனுக்குள் முதலில் போனது ஜரிகைதான். அண்ணன் வேலை பார்த்த ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பெட்டி கொடுக்காமல் ஆளுக்கொரு ஓவன் கொடுத்துவிட்டார்கள். அவன் அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியபடி வந்து சேர்ந்தான். கண்ணாடிக் கதவு, மூன்று திருகுகள், உள்ளே ஒரு கம்பித் தட்டு. அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "எலி பூராது" என்றார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து விலை உயர்ந்த ஜரிகையெல்லாம் ஓவனுக்குள் குடியேறியது. ஓவன் மேல் தொலைபேசி, தொலைபேசி மேல் ஒரு பூப்போட்ட துணி.

அப்பாவும் அம்மாவும் ஒரே தறியில் நெய்தார்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் ஒருவர் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட, பக்கத்தில் இன்னொருவர் வலதுபுறக் கரைக்கென்று தனி நாடா ஓட்டிக் கோத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் நடுவில் அப்பா, பக்கத்தில் அம்மா. கல்யாணம் ஆன கையோடு அப்படி உட்கார்ந்தவர்கள், இடம் மாறியதே இல்லை.

அப்பாவுக்குப் பலவீனம் என்று ஒன்று உண்டென்றால் அது வெங்காய பஜ்ஜி. மாலை நாலு மணிக்குத் தெருமுனையில் தள்ளுவண்டி வந்து நிற்கும். எண்ணெயில் முதல் பஜ்ஜி விழுந்ததும் எங்கள் தெருவில் ஒவ்வொரு தறியாக ஓயும். சங்கு ஊதினாற்போல எல்லா ஆம்பிளைகளும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அப்பா எப்போதும் முன்வரிசையில் நிற்பார்.

ஒருநாள் தறிக்குழியிலிருந்து எழும்போது அவருக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பலகாரத்தை இன்றோடு தலைமுழுகச் சொன்னார். இன்னொரு முறை வந்தால் தன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அப்பா பெரிதாகத் தலையாட்டினார். அம்மா மருந்துச் சீட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். எனக்கும் அதே குணம் வாய்த்திருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா மாட்டிக்கொண்டது தறியிலேயேதான். முகூர்த்தப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. ஒருநாள் சாயங்காலம் கரைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. அம்மா குனிந்து அதை முகர்ந்தாள். பிறகு அப்பாவின் கையை இழுத்து முகர்ந்தாள். நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். விபூதி வைத்துத் தேய்த்ததில் கறை போனது; கோபம் போகவில்லை.

"உங்கப்பாவாண்ட சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து. "பஜ்ஜிய வுட்டாதான் நான் நாடா புடிப்பேன்."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். இருந்தாலும் நான் சொன்னேன்.

"உங்கம்மாவாண்ட சொல்லு. பொண்ணு வூட்டுக்காரங்க புடவைக்குக் காத்துக்கினு இருக்காங்க. நாலு மணிக்கு வாயில எதுவும் மொறுமொறுன்னு போடலன்னா எனக்குக் கையே ஓடாது."

அதையும் சொன்னேன். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதைவிடக் கேவலமான உத்தியோகம் கிடையாது. இருவரும் பேசியது இருவருக்கும் கேட்கும். ஆனால் நான் திரும்பச் சொல்லாவிட்டால் பதில் வராது. ஒருமுறை கடுப்பில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தறி நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொலைபேசிக்குக் கீழே கையைக் காட்டினான். "அதுல எண்ணெயே இல்லாம வெங்காயம் வறுக்கலாம்மா. ஆனியன் ரிங்ஸுன்னு டிவில காட்டறாங்க."

அம்மா யோசித்தாள். "அந்தப் பொட்டியில சுட்டத துன்னுட்டு, இனிமே இதுவே போதும்னு உங்கப்பா சொல்லட்டும். நான் வந்து ஒக்கார்றேன்."

ஆக, ஒரு முகூர்த்தப் புடவையும் ஒரு தாம்பத்தியமும் என் தலையில் வந்து விழுந்தன. மத்தியானச் சமையல் நிகழ்ச்சியில் உதட்டுச் சாயம் போட்ட ஓர் அம்மாள் வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, வளையம் வளையமாகப் பிரித்து, மைதாக் கரைசலில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டி ஓவனில் வைத்தாள். விளம்பரம் முடிவதற்குள் அது பொன்னிறமாக வந்துவிட்டது. ரொட்டித் தூளுக்கு நான் எங்கே போவது? டீக்கடை ரஸ்க்கை அம்மியில் பொடித்தேன். ஜரிகையைப் பீரோவுக்கு மாற்றினோம். ஓவனைப் போட்டேன். வீடு இருண்டது.

ஃபியூஸ் போய்விட்டது. அப்பாவுக்கு அதற்கும் ஒரு யோசனை இருந்தது. ஜரிகையில்தான் வெள்ளி இருக்கிறதே, இதைவிட நல்ல கம்பி எங்கே கிடைக்கும் என்று ஓர் இழையை எடுத்து ஃபியூஸ் கட்டையில் சுற்றிவிட்டார். ஜரிகைக்கு உள்ளே பட்டு இருப்பதை, பிறந்ததிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மனிதர் மறந்துபோனார். 'டப்' என்றது. தலைமுடி கருகினாற்போல ஒரு நாற்றம் வீடு முழுக்க. அண்ணன் ஓடிப்போய் எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் வளையங்கள் வெந்தே வந்தன. ஆனால் ஈரமாக. அப்பா ஒன்றைக் கடித்தார். உள்ளிருந்த வெங்காயம் முழுதாக உருவிக்கொண்டு அவர் மோவாயில் தொங்கியது. மாவுக்கூடு மட்டும் கையில் நின்றது. அவர் அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து, நூலைப் பரிசோதிப்பதுபோல் இழுத்துப் பார்த்தார்.

"வெறப்பே இல்லியேம்மா. கஞ்சி போட்டியா?"

"வெங்காயத்துக்கு எதுக்குக் கஞ்சி?" என்று கத்தினேன். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. என் உயிர ஏன் எடுக்கறீங்க?"

அவர் காதில் விழவில்லை. தறியின் நீளநூலான பாவில் இழை அறுந்தால் வருமே, அந்த முகம் வந்துவிட்டது. "கஞ்சி போடாத எது வெறப்பா நிக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அரிசிப் பானையைத் தேடிப் போனார்.

பட்டு நூல் பாவைக் குச்சி நட்டுக் கயிற்றில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இளவெயிலில் காயவைப்பது எங்கள் தெருவில் அன்றாடம் நடப்பது. மறுநாள் காலை அதே குச்சிகளுக்கு நடுவில், அதே கயிற்றில், வெங்காய வளையங்கள் வரிசையாகத் தொங்கின. அப்பா பாவுக்குத் தடவுவதைப் போலவே பக்குவமாகக் கஞ்சி தடவிக்கொண்டு போனார். நான் கையில் விளக்குமாற்றுடன் காக்கை ஓட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் காக்கைகள் பக்கத்துத் தெருவுக்கே போய்விட்டன.

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கஞ்சி தண்ணியா கீதுபா" என்றார் எதிர்வீட்டு மாமா, பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலேயே. இன்னொருவர் பழைய அரிசியா புது அரிசியா என்று கேட்டார். புது அரிசிக் கஞ்சி பிசுபிசுக்கும் என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். கோயிலுக்குப் போகிற வெளியூர்க் குடும்பம் ஒன்று நின்று, இது எந்த சாமிக்கு வேண்டுதல் என்று விசாரித்தது. அப்பா எல்லாருக்கும் பொதுவாகத் தலையாட்டியபடி வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் புடவைக்கடை முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகூர்த்தப் புடவை அவர் கொடுத்த ஆர்டர்.

"இன்னாபா, எந்த மட்டுல கீது?"

"இன்னும் காயலிங்க" என்றார் அப்பா.

முதலாளி கயிற்றைப் பார்த்தார். நான் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆர்டர் போச்சு, தெருவில் மானமும் போச்சு என்று நினைத்தேன். அவர் கிட்டே வந்து ஒரு வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினார்.

"இன்னொரு கை கஞ்சி புடிக்கும்பா" என்றார். அப்பாவும் இன்னொரு கை போட்டார். முதலாளி கடைக்குத் திரும்பவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் எங்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டார்.

காய்ந்த வளையங்களை ரஸ்க் தூளில் புரட்டி ஓவனில் அடுக்கினேன். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கிரிக்கெட் பார்ப்பதுபோல் கூட்டம். அம்மா மட்டும் தறிக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிக்கே இல்லாத நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஓவன் மணி அடித்தது. தட்டில் கொட்டினேன். கண்ணாடி வளையல் கொட்டினாற்போல் சத்தம் வந்தது.

அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைவாய்ப் பக்கம் தள்ளிக் கடித்தார். படாரென்று ஒரு சத்தம். உடைந்தது வளையமா பல்லா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

"வெறப்புன்னா இதாம்பா" என்றார் அப்பா, கண்ணில் நீர் வழிய.

அடுத்ததை அவர் டீயில் ஊறவைத்துத்தான் தின்றார். முதலாளியும் ஊறவைத்தார். எதிர்வீட்டு மாமா ஒன்றைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்கு வரும் என்று பாராட்டினார். மொறுமொறுப்பு வேண்டும் என்று வீட்டை ரெண்டாக்கிய மனிதர், கிடைத்த மொறுமொறுப்பை டீயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக் கத்தலாம் என்று நான் வாயைத் திறந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. தெருமுனையில் எண்ணெயில் பஜ்ஜி விழும் சத்தம் கேட்டது.

கூட்டம் எழுந்தது. எதிர்வீட்டு மாமா முதலில், பின்னால் முதலாளி. ஒரு நிமிஷத்தில் அறை காலி. அப்பா மட்டும் கையில் டீ டம்ளரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு வளையத்தை எடுத்து டீக்குள் போட்டு, அது ஊறும்வரை காத்திருந்தார்.

"இதுவே போதும்மா" என்றார் என்னிடம். "உங்கம்மாவாண்ட சொல்லிடு."

நான் சொன்னேன். அம்மா திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "இன்னும் இன்னா வோணும் உனக்கு? உனக்காகக் கல்லத் துன்னுக்கினு இருக்காரு மனுஷன்!"

அவள் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள்.

"கோர்வைக்கு ரெண்டு பேரு வோணுங்க" என்றாள். "நீங்க பாட்டுக்குப் பூட்டீங்கன்னா, நான் தனியா ஒக்காந்து யாருக்குக் கரை போடறது?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். எழுந்து அவளிடம் போய், வாத்தியாரிடம் நகம் காட்டும் பிள்ளையைப்போல் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். அம்மா விரல் விரலாகப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளை விடாமலேயே என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணெ இல்ல. உங்கப்பாவ வந்து ஒக்காரச் சொல்லு."

நானும் சொன்னேன்.