அம்மா பார்க்காத ரயில் படம்

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். நற்குணங்களை மட்டும் எழுதுவதானால் அரைப் பக்கம் போதும். நேரம் தவறாதவர். குரலை உயர்த்தாதவர். அரசு வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து, ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர். ஆனால் ஐந்து கிறிஸ்துமஸ்களில் அவர் ஆணியைவிடப் பெரிய ஒன்றை எடுத்து வந்தார். அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவருடைய வாழ்க்கை ஆகாது.

அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. இனிமே யாரு வந்து இன்னா பண்ணப் போறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து வந்து, "பேரு மட்டும் போடாத" என்றார். அதன்படி இக்கட்டுரையில் யாருடைய பெயரும் இல்லை.

அப்பா மதுராந்தகம் ஏரிக்குத் தெற்கே உள்ள குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்தார். அந்த மிஷன் வளாகத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு படங்கள் காட்டுவார்கள். முதலாவது, பத்து நிமிடப் பிறப்புப் படம். அதில் நட்சத்திரம் கம்பியில் ஆடுவது நன்றாகத் தெரியும். இரண்டாவது, மூன்று ரீல்கள் கொண்ட ரயில் படம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு ரயில் பனியில் சிக்கி நின்றுவிடுகிறது. பெட்டியில் கைக்குழந்தையோடு ஒரு தாய், ஒரு சிப்பாய், இரண்டு முதியவர்கள். கரி தீர்ந்துகொண்டே வருகிறது. என்ஜின் டிரைவர் கையில் விளக்கோடு இறங்கி, ஊரைத் தேடிப் பனியில் நடக்கிறார்.

திரையை வளாகத்தின் நடுவில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டுவார்கள். முன்பக்கம் நாற்காலிகளும் பாய்களும் இருக்கும். அப்பாவின் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் எழுத்துகள் இட வலம் மாறித் தெரியும். அந்த என்ஜின் டிரைவர் இடக்கைக்காரர் என்றே அப்பா பதினாறு வயதுவரை நினைத்திருந்தார்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் புரொஜெக்டர் இயக்கக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராக வேனில் போய் அரசுப் படங்கள் காட்டும் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். நெல் நடவு, தடுப்பூசி, குடும்பநலம் என்று எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் மின்சாரம் உள்ள ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அத்தையின் குடும்பமும் சித்தப்பாவின் குடும்பமும் அந்தச் சம்பளத்தின் நிழலில்தான் இருந்தன. அந்த வேலை போனால் மூன்று வீடுகளில் அடுப்பு அணையும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருடம் டிசம்பர் இருபத்துநான்காம் தேதி மாலை, அப்பா அலுவலகப் புரொஜெக்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேன் டிரைவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். சதுரங்கப்பட்டினத்துக்காரர்; அப்பா அவரைப் பாய் என்று அழைப்பார், நாங்களும் அப்படித்தான். அந்த இரண்டு படங்களின் சுருள்களையும் சபை அலமாரியிலிருந்து ஆயர் முறையாகக் கொடுத்திருந்தார். புரொஜெக்டரை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அரசுச் சாதனத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் முதலில் இடைநீக்கம், பிறகு விசாரணை, பிறகு வேலை இல்லை.

"ஒரு தபா எல்லாரும் முன்னாடி உக்காந்து பாக்கட்டும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னாராம். காரணம் என்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

படம் மறுநாள் பகல் இரண்டு மணிக்கு. இரவில் காட்டினால் ஓட்டின் இடுக்கு வழியாக வெளிச்சம் தெருவுக்குத் தெரியும். ஜன்னல்களில் நனைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, சுவரில் வெள்ளை வேட்டியை ஆணியடித்து, பதினொரு பேர் புதுத்துணியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியின் மேல் தலையணையை வைத்து அழுத்திக் கட்டியிருந்தது. படத்தில் யார் பேசினாலும் கேட்காது. அப்பாதான் புரொஜெக்டர் பக்கத்தில் குனிந்து, அவர்கள் பேசுவதைக் கிசுகிசுப்பாகச் சொல்வார். "இன்னும் ரெண்டு கூடை கரி கீது. அளுவாதம்மா, புள்ளைய இப்பிடிக் குடு." பனியில் நின்ற அந்த ரயிலில் எல்லோரும் மதுராந்தகம் பேச்சுதான் பேசினார்கள்.

அத்தையின் கணவரான மாமாவுக்கு நட்சத்திரப் படம்தான் பிடிக்கும். அதில் ஒட்டகம் வருகிறது. ரயில் படம்தான் உயர்ந்தது என்பது அப்பாவின் கட்சி. இருவரும் அந்த வாக்குவாதத்தையும் கிசுகிசுப்பாகவே நடத்தினார்கள்.

அம்மா எதையும் பார்க்கவில்லை. தெரு ஜன்னலின் சாக்கை ஒரு விரல் அகலம் விலக்கி, அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அது அவருடைய இடம்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்தார் பலகாரத்துக்கு வருவார்கள். அதைத் தடுக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கதவு நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினார். வீட்டில் அம்மை என்று பொருள். சிலுவை தொங்கும் வாசலில் வேப்பிலை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை; யாரும் உள்ளேயும் வரவில்லை. நான்கு வருடம் அது நன்றாகவே காவல் காத்தது.

எழுபத்தைந்தில் நெருக்கடி நிலை வந்தது. அப்பாவின் பிரிவில் இருவரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் வேண்டாம் என்று அம்மா சொன்னார். "இந்த ஒரு வருசம்" என்றார் அப்பா. அம்மா அன்று காலை ஆராதனையில் முழங்காலிட்டவர் மற்றவர்கள் எழுந்த பிறகும் எழவில்லை.

மூன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் டிரைவர் பனியில் ஒரு முறை விழுந்து எழுந்திருந்தார். அம்மா ஜன்னலில் இருந்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஜீப்பு."

வண்டி எங்கள் வாசலில் நின்றது. அப்பா சுவிட்சை நோக்கிக் கை நீட்டுவதற்குள், அம்மா வாளியில் ஊறிக்கொண்டிருந்த சாக்கை எடுத்து ஓடிக்கொண்டிருந்த புரொஜெக்டர் மேல் போட்டார். உள்ளே பல்பு கொதிக்கும் சூட்டில் இருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். இருட்டு. சாக்கிலிருந்து ஆவி எழுந்தது. அப்பா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைத் தட்டினார்கள்.

வந்தவர் சுகாதார ஆய்வாளர். கையில் நோட்டும் டார்ச்சும் இருந்தன.

"யாருக்கும்மா வூட்ல அம்மை?"

"யாருக்கும் இல்லீங்க சார்."

"அப்ப இது இன்னா?" வேப்பிலையைத் தொட்டுக் காட்டினார்.

"திருஷ்டிக்கு."

"சிலுவைய மாட்டிக்கினு திருஷ்டியா?"

உள்ளே வந்தார். பிள்ளைகள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து முகத்தையும் உள்ளங்கைகளையும் பார்த்தார். என் தம்பியின் முன்னால் நின்று, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளிச்சம் சுவரில் இருந்த வேட்டியின் மேல் போய், மெல்ல நகர்ந்து, மேசை மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்த சாக்கின் மேல் நின்றது.

"அது இன்னா?"

"இட்லிங்க" என்றார் அம்மா.

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"கிறிஸ்மஸ் சார்" என்றார் மாமா.

ஆய்வாளர் டார்ச்சை மாமாவின் பக்கம் திருப்பினார். பிறகு நோட்டைத் திறந்து கதவு எண்ணை எழுதினார். அப்பாவின் பெயரைக் கேட்டார். வேலையைக் கேட்டார். அப்பாவால் பொய் சொல்ல முடியவில்லை, உள்ளதைச் சொன்னார்.

"ஓ, படம் காட்டுறவரா. நம்ம அம்மைப் படத்த இந்தப் பக்கமெல்லாம் நீங்கதான் காட்னீங்களா?"

"ஆமாங்க சார்."

"அதுல வேப்பில செருகின வூட்டக் காட்டி, இப்பிடி வூட்டப் பாத்தா சொல்லுங்க, பரிசு உண்டுன்னு வருமில்ல?"

"ஆமாங்க சார்."

"ஜனங்க நல்லாத்தான் பாத்து வெச்சிக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேப்பிலையை உருவிக் கீழே போட்டார். ஜீப் போய்விட்டது.

சாக்கின் கீழே இருந்தது என்ன என்று ஆய்வாளருக்குப் புரிந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மைப் படத்தை அப்பா அந்த ஆண்டு நாற்பது கிராமங்களிலாவது காட்டியிருப்பார். வேப்பிலை வரும் காட்சியில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றவர் அவர்தான். சொந்த வாசலில் அம்மா அதைச் செருகியபோது, படம் பார்த்த யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கு அந்தப் படம் தெரியாது.

அன்று பலகாரம் அப்படியே இருந்தது. அப்பா பல்புக் கூண்டைத் திறந்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். பெட்டியில் மாற்றுப் பல்பு ஒன்று உண்டு. அது அதிகாரியின் கையெழுத்தோடு முத்திரை வைத்தது, தொட முடியாது. இருபத்தேழாம் தேதி மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் காட்சி. அந்த அதிகாரியே நேரில் வருகிறார். காட்சி இல்லாத நாளில் உடைந்த பல்புக்கு அவர் காரணம் கேட்பார்.

இருபத்தாறு காலையில் பாய் பெட்டியை எடுக்க வந்தபோது அப்பா எல்லாவற்றையும் சொன்னார். நான் வாசற்படியில் இருந்தேன்.

"எறக்கும்போது நான் போட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றார் பாய்.

"வாணாம் பாய். என் தப்பு."

"உன் தப்புன்னா வேலை போவும். என் தப்புன்னா மெமோ வரும். இதுல எது பேஜாரு, நீயே சொல்லு அண்ணாத்த."

அப்பா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

மறுநாள் நடந்தது பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணலில் கம்பம் நட்டுத் திரை கட்டியாயிற்று. குப்பத்து ஜனங்கள் வலைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி கூண்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு மிச்சம் இருந்தது. பாய் முன்னால் வந்து, இறக்கும்போது கை தவறிவிட்டது என்றார். அதிகாரி அப்பாவைப் பார்த்து, "அப்படியா?" என்றார். அப்பா கடலைப் பார்த்தார். பிறகு, "ஆமாம் சார்" என்றார். முத்திரையை உடைத்து மாற்றுப் பல்பைப் போட்டார்கள். காட்சி நடந்தது. பாய்க்கு மெமோ வந்தது. அடுத்த ஆண்டின் ஊதிய உயர்வும் நின்றது.

ஆய்வாளர் நோட்டில் எழுதிக்கொண்ட அந்தக் குறிப்பு எப்போது அலுவலகத்துக்கு வரும் என்று அப்பா பல மாதங்கள் காத்திருந்தார். தினமும் தபால் பையைப் பிரிக்கும் நேரத்தில் அவர் மேசையருகே போய் நிற்பார் என்று அம்மா சொல்வார். வீட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தோம். குறிப்பு வரவே இல்லை. பயம் மட்டும் அதன் பாட்டுக்கு வந்து தங்கியது.

எழுபத்தாறு கிறிஸ்துமஸுக்குப் பெட்டி வரவில்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. வாசலில் வேப்பிலை இல்லை. பாயும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தம்பி எங்கிருந்தோ அந்த வேட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். அப்பா சிரித்துவிட்டு, வழக்கமாகப் புரொஜெக்டர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, ரயில் படத்தை முதல் காட்சியிலிருந்து சொல்லத் தொடங்கினார். முதல் வரிசையில் பாயை உட்கார வைத்தார். ஐந்து வருடமும் அவர் சொல்லித்தானே கேட்டோம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாமா மட்டும் ஒட்டகம் வேண்டும் என்றார்.

"மாமாவுக்காக ரயில்ல ஒரு ஒட்டகம் ஏறிச்சி" என்றார் அப்பா.

டிரைவர் பனியில் விழும் இடம் வந்தது. அம்மா அன்று ஜன்னலில் நிற்கவில்லை. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கேயிருந்து, "அந்த ஆளு எய்ந்திரிக்கிறானா?" என்று கேட்டார்.

"இன்னாக்கா, அஞ்சு தபா பாத்த படம்" என்று மாமா சிரித்தார்.

"நான் எங்க பாத்தேன்" என்றார் அம்மா.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மிச்சக் கதையை, டிரைவர் எழுந்ததையும், ஊரார் மண்வெட்டிகளோடு வந்ததையும், விடிகாலையில் ரயில் நகர்ந்ததையும், அவருக்கு மட்டுமே சொன்னார்.

அப்பா அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். கடைசி மூன்று வாரங்கள் செங்கல்பட்டில் மருத்துவமனையில் இருந்தார். அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாலும் கண் வாசலிலேயே இருக்கும். "யாரும் வரல. இங்க பாரு" என்று அப்பா ஒரு நாளைக்குப் பலமுறை சொன்னார். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு பாய் பார்க்க வந்தார். அப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய நீ போடல பாய்."

"நாந்தான் போட்டேன் அண்ணாத்த. மெமோல கீது பாரு" என்றார் பாய்.

அப்பாவின் நோயிலும் அடக்கத்திலும் உடன் நின்ற மருத்துவர்கள், செவிலியர், ஆயர், சபையார், தெருக்காரர்கள், தொலைவிலிருந்து வந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பகலில் அந்த அறையில் இருந்து, இத்தனை ஆண்டுகள் வாய் திறக்காத உறவினர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

நான் வேலை செய்த நாளிதழில் தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். இது சற்றுத் தாமதமானது. மகாபலிபுரம் கடற்கரைக் காட்சி தொடர்பாக எழுபத்தைந்தாம் ஆண்டு இறுதியில் வழங்கப்பட்ட மெமோவில், பெட்டி கீழே விழுந்ததாகவும், ஓட்டுநரின் கை தவறியதாகவும் எழுதப்பட்டுள்ளது. பெட்டி விழவில்லை. அவர் கை தவறவில்லை.