பார்லிமெண்டுக்கு வாட்டம் எதுக்கு?

தரை போடுகிற கொத்தனாருக்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஒன்று மட்டம், இன்னொன்று வாட்டம். ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாக இருந்தால் மட்டம். ஊற்றுகிற தண்ணீர் தானாக ஓடிப்போகும்படி ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் வாட்டம். நான் பதினைந்து வருடம் ராமேஸ்வரத்து லாட்ஜுகளில் தரை போட்டவன். அங்கே வருகிறவர்கள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்துவிட்டு, துணியைக்கூடப் பிழியாமல் அப்படியே அறைக்குள் வருவார்கள். வராந்தா, படி, அறை என்று எல்லா இடத்திலும் வாட்டம் இல்லையென்றால் லாட்ஜ்காரர் என்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார். அதற்கே என் கை பழகிவிட்டது. கரண்டியைப் பிடித்தால் போதும், தரை தானாக ஒரு பக்கம் சரியும்.

இந்தப் பழக்கம்தான் என்னை மாமனாரிடம் மாட்டிவிட்டது.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சொந்தமாக ஒரு வீடு கட்டினேன். அடுத்தவர் வீட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கொத்தனார் தன் வீட்டுக்கு மட்டும் அவசர அவசரமாகச் செய்வான். நானும் லீவில் வந்து ஹாலுக்கு இரண்டே நாளில் தரை போட்டு முடித்தேன். கை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஹால் முழுக்க வாசலைப் பார்த்து வாட்டம். பால் காய்ச்சிய அன்று என் மனைவி ஹாலைக் கழுவிவிட்டாள். தண்ணீர் சமர்த்தாக ஓடிவந்து நிலைப்படி ஓரத்தில் தேங்கி நின்றது. திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டை குண்டு மிளகாயும் பித்தளைச் சொம்பும் கொண்டுவந்திருந்த மாமனார் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த நொடி சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இடுப்பில் நல்ல அடி. ஆனால் வலித்தது இடுப்பு இல்லை. ஐந்து ஏக்கர் விவசாயம் பார்க்கிறவர், எங்கே போனாலும் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற மனிதர். சில பேர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தரைய நெரவிட்டுச் சொல்லுங்க மாப்ள. அன்னைக்கு உள்ள வாரேன்."

சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வருவார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்வார். சோறு, குழம்பு, தண்ணீர் எல்லாம் அங்கேயே போகும். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டபோது ஒரு கையில் குடையும் மறு கையில் சோறுமாகச் சாப்பிட்டாரே தவிர, படியேறவில்லை. என் மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. தன் அய்யா தன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். நான் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உள்ளதைச் சொன்னால் எனக்கும் வீம்பு. மனிதர் கொஞ்சம் கீழே பார்த்து நடந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

இப்படி இரண்டு வருடம் போன பிறகு டெல்லியிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே புதிய பார்லிமெண்ட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பரமக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் தரை வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன். ரயில் ஏறுவதற்குள் என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், நூறு நாள் வேலையில் சொன்னாள், கோயில் வாசலில் பூ விற்கிறவளிடமும் சொன்னாள். அய்யாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, சொந்த வீட்டில் தரை போடத் தெரியாதவரையா பார்லிமெண்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, டெல்லியில் முதல் நாளே மானம் போனது. வேலைக்கு விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு மூலையில் பாய் அகலத்துக்குத் தளம் போட்டுக் காட்ட வேண்டும். நான் கண்ணாடி மாதிரி இழைத்துப் போட்டேன். மறுநாள் இன்ஜினீயர் வந்து ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருக்கிற குமிழி நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. திருப்பி வைத்தார், மறுபடியும் அதே பக்கம். இந்தியில் ஏதோ கேட்டார். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறார் என்றார் மேஸ்திரி. நானும் வெள்ளந்தியாக, அதோ அந்த மூலைக்கு என்று கை காட்டினேன். இன்ஜினீயர் தலையில் கை வைத்துச் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"ஏலே, இங்கன எவன் குளிக்க வாரான்? பார்லிமெண்டுக்கு வாட்டம் எதுக்கு?"

இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டதை உடைத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி உடைத்தேன். கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கண்ணால் வேலை செய்கிற மாதிரி இருந்தது. நான்காவது தடவைதான் குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினைந்து வருட வேலைக்காரன், மட்டம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஓய்வு நாளில் மேஸ்திரியும் நானும் பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனோம். பக்கத்திலேயே இருந்தாலும் நிதானமாகப் பார்த்ததில்லை. போலீஸ்காரர்கள் நிற்க விடாததால் நடந்துகொண்டே பார்த்தோம். வட்டமாக, சுற்றிலும் தூண்கள். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு என்றார் மேஸ்திரி. எங்கள் மாவட்டத்தில் அந்த எண்ணில் தடை உத்தரவு போட்டால் நாலு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று அர்த்தம். இங்கே அதே எண்ணில் தூண் நட்டு, உள்ளே ஐந்நூறு பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் ஆறு வருடம் கட்டினார்களாம். சுதந்திரத்துக்குப் பிறகு இடம் போதவில்லை என்று மேலே மாடி ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் போதாமல் பக்கத்தில் ஒரு கட்டடம், நூலகத்துக்குத் தனியாக ஒன்று, கடைசியில் நாங்கள் வேலை பார்க்கிற இந்த முக்கோணக் கட்டடம். மகனுக்குக் கல்யாணம் என்றால் மொட்டை மாடியில் ஒரு ரூம் எடுக்கிறோமே, அதே கதைதான். எவ்வளவு பெரிய வீடு என்றாலும் கட்டி முடித்தேன் என்று யாரும் சொல்வதில்லை.

வேலை முடிகிற சமயத்தில் கம்பளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். உறுப்பினர்கள் உட்காரும் பெரிய மண்டபத்தில் நான் உயிரைக் கொடுத்து மட்டம் பிடித்த தளத்தின் மேல் கம்பளத்தைச் சுருள் சுருளாக விரித்துக்கொண்டே போனார்கள். சாயங்காலத்துக்குள் என் தரையைக் காணோம். வேலை இடத்தில் போனுக்கு அனுமதி இல்லாததால் ஒரு போட்டோகூட இல்லை. வெறுங்கையோடு ஊருக்கு வந்தேன்.

திறப்பு விழாவை டிவியில் காட்டிய அன்று என் மனைவி தெருவையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். மாமனாரும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தைக் காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில், உங்கள் தரை எங்கே என்று கேட்டார்கள். கம்பளத்துக்கு அடியில் என்றேன். வீடே அதிரச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், நான்கூடத்தான் தாஜ்மகாலுக்கு அடியில் ஒரு கல் வைத்தேன் என்றார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என் மனைவி மட்டும் விடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, அங்கன அம்புட்டுப் பேரு நடக்குறாக. ஒருத்தராச்சும் வழுக்குனாகளா, சொல்லுங்க?"

கம்பளத்தில் எவன் வழுக்குவான் தாயி என்றார் மாமனார், குரலை உயர்த்தாமலே. கூட்டம் மறுபடி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த முகத்தில் இருந்த வாட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாட்டுக்கே மட்டம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இவள் கேட்ட ஒரே ஒரு ஹாலுக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு சம்மட்டியை எடுத்தேன். ஹால் தரையை மொத்தமாக உடைத்தேன். பத்து நாள் வாசலில் சமையல், வாசலில் சாப்பாடு. மாமனாரின் நாற்காலியில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், அது எவ்வளவு அசௌகரியம் என்று தெரிந்தது. சித்தாள் வேலையை என் மனைவியே பார்த்தாள். வாட்டம் இல்லையென்றால் எப்படிக் கழுவுவது என்று ஒருமுறை கேட்டாள். பார்லிமெண்டில் துடைக்கத்தான் செய்கிறார்கள், நீயும் துடைத்துக்கொள் என்றேன். டெல்லிக்குப் போவதற்கு முன்னால் இவ்வளவு திமிர் இல்லையே உங்களுக்கு என்று சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கினாள்.

தரை காய்ந்ததும் மாமனாருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெகு நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு, பால் காய்ச்சிய அன்று தான் கொண்டுவந்த பித்தளைச் சொம்பைக் கேட்டார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றச் சொன்னார். வாசலில் நின்றபடியே குனிந்து அதை ஹாலுக்குள் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமும் வழியவில்லை. உள்ளே வந்து சொம்பை நடு ஹாலில் வைத்துப் பார்த்தார். நாலு மூலைக்கும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். நானும் என் மனைவியும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றோம்.

அவள் ஓடிப்போய்ப் புதுக் கோரைப்பாயை எடுத்து வந்து விரித்தாள், இலை போட்டாள். மாமனார் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் பாயைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார்.

"இங்கனயும் மூடிட்டா நான் எதப் பாத்து நம்புறது?"

சொல்லிவிட்டு வெறுந்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இலையை விரித்தார். என் மனைவிக்குக் கண்ணீர் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அவர் உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சோறு போடு தாயி என்றார்.