மூடிய ஜன்னலுக்குள் சிவந்த விளக்கு: புகைமூட்ட நாளில் பிடோக்கிலிருந்து லிட்டில் இந்தியா

அன்று போனவர்கள்: நான், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் மீனா, மாப்பிள்ளை சரவணன், அவருடைய அம்மா. வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஐந்து பேர். வளைகாப்பு வளையல் வாங்கவும் டாக்டரைப் பார்க்கவும்தான் பயணம். வளைகாப்புக்காகவே நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தேன். வந்த மறுநாளே புகைமூட்டம் பிடித்துக்கொண்டது.

காலை 9.10க்குப் பிடோக் ரயில் நிலையம். பூகிஸில் மாறினால் லிட்டில் இந்தியா. கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளிக்குள், அதாவது இரண்டு சிங்கப்பூர் டாலருக்குள். எங்கோ காடு எரிகிறதாம், இங்கே நெருப்பே இல்லாமல் கருகல் வாடை. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது, செம்புத் தட்டு மாதிரி. தூரத்துக் கட்டடங்களைக் காணோம்.

ரயிலில் எனக்கு இழுப்பு வரும்போது கேட்கும் விசில் சத்தம் கேட்டது. முகக்கவசத்தை விலக்கி மூச்சு விட்டுப் பார்த்தேன். சீராகத்தான் இருந்தது. சத்தம் பக்கத்தில், மீனாவின் நெஞ்சிலிருந்து வந்தது. என் மூச்சை அவள் விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தமிழ்ப்பெண். பிள்ளை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்போம் என்றார். இழுப்பு வரும் உடம்புவாகு குடும்பத்தில் இறங்கக்கூடும். தாய் சுவாசிக்கும் புகையால் பிள்ளையின் எடை குறையலாம், முன்கூட்டியே பிறக்கவும் செய்யலாம். இரண்டும் சேரும்போது எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். எல்லாம் என்னிடமிருந்து போனதா என்று கேட்டேன்.

“ஜீனை மாத்த முடியாது ஆன்ட்டி. ரூம் காத்தை மாத்தலாம் லா. ஜன்னலைச் சாத்திட்டு காத்தைச் சுத்தம் பண்ற மெஷினைப் போடுங்க.”

சிராங்கூன் சாலையில் வளையல் வாங்கினோம், பதினெட்டு வெள்ளி. அங்கிருந்த கோயிலின் கோபுரத்துச் சிலைகள் சாம்பல் பூசியதுபோல் நிறமில்லாமல் நின்றன. சன்னதியில் பிள்ளைக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வீடு திரும்பி மீனாவின் அறையை இறுக்கமாக அடைத்தோம். காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தில் நீல விளக்கு எரிந்தது, காற்று சுத்தம் என்று அர்த்தம். பொழுது சாய்ந்தபோது எதிர் அடுக்குமாடி பிளாக்கைக் காணவில்லை. தாழ்வார விளக்குகள் மட்டும் வரிசையாக அந்தரத்தில் தொங்கின. சம்பந்தியம்மா வழக்கம்போல் கண்ணேறு கழியச் சாம்பிராணி காட்ட வந்தார், நான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த அதே சாம்பிராணி. யாரும் தொடாமலே விளக்கு நீலத்திலிருந்து சிவப்பானது. இயந்திரம் முனக ஆரம்பித்தது.

“பாத்தீங்களா சம்பந்தி, புள்ள மேல எவ்ளோ கண்ணு இருக்குன்னு மெஷினே காட்டுது.” சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி போட்டார்.

மீனாவின் நெஞ்சில் விசில் எழுந்தது. இந்த முறை என் நெஞ்சிலும். எது யாருடையது என்று தெரியவில்லை. தூபக்காலை வாங்கிப்போய் அடுப்படித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கனல் சீறி அணைந்தது. பின்னாலேயே வந்த சம்பந்தியம்மாவின் முகம் மாறிப்போயிருந்தது.

“சாமி நெருப்பை அணைச்சிட்டீங்களே. வெள்ளிக்கிழமை ஹோமத்தையும் இப்படித்தான் அணைப்பீங்களா?”

வளைகாப்பன்று இதே வீட்டுக் கூடத்தில் ஹோமம் செய்வது அவர்கள் குடும்ப வழக்கம். நானும் ஹோமத்தில் நம்பிக்கை உள்ளவள்தான். மாப்பிள்ளை இருவருக்கும் நடுவில் தரையைப் பார்த்தார். விளக்கு மறுபடி நீலமாக வெகுநேரம் ஆனது.

இந்தப் புகைமூட்ட மாதங்களில் கர்ப்பிணியோடு வருகிறவர்கள் கிளம்புமுன் கைப்பேசியில் காற்று மாசின் அளவைப் பாருங்கள். நெருக்கமாகப் பொருந்தும் முகக்கவசம் வாங்குங்கள், மெல்லிய துணி உதவாது. ஜன்னலைச் சாத்தினால் மட்டும் போதாது, உள்ளே என்ன எரிகிறது என்றும் பாருங்கள். ஊதுவத்திக்கும் இது பொருந்தும். மரபணுவில் என்ன கொடுத்தேன் என்பது என் கையில் இல்லை. அந்தக் கூடத்தில் நெருப்பு எரிய வேண்டுமா என்பது இருக்கிறது.

உங்களில் யாராவது ஹோமப் புகை இல்லாமல் வளைகாப்பு நடத்தியிருக்கிறீர்களா? ஹோமத்தைக் கோயிலில் செய்துவிட்டு வளையலை மட்டும் வீட்டில் போடலாமா? பெரியவர்களை என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்? விழா வெள்ளிக்கிழமை. தயவுசெய்து புதன்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.